குழியின் விளிம்பில் நின்ற பந்து

எங்கள் விடுதியின் முன்கூடத்தில், காலை உணவறைக்குத் திரும்பும் இடத்தில், ஓக் மரப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. ஆகஸ்ட் மாதம் நடக்கும் குடும்ப ஜோடி கோல்ஃப் போட்டியில் வென்றவர்களின் பெயர்கள் அதில் பித்தளைத் தகடுகளாக வரிசையில் நிற்கும். படைவீரர் குடும்பங்கள் மட்டும் விடுமுறைக்கு வந்து தங்கும் இடம் இது. ஒரு வாரம் இருப்பார்கள். நீந்துவார்கள், கோல்ஃப் ஆடுவார்கள், ஏழாம் குழிக் குளத்து முதலையைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். பிறகு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு முகாமுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பலகையை நின்று படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

டெலியா ப்ரூவெட் நின்று படித்தாள். பதிமூன்று வயது, மெலிந்த உடம்பு, முழங்காலில் பழைய சிராய்ப்பு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் தகட்டிலிருந்து கடைசித் தகடு வரை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையில் தைத்திருந்த பெயரையும் அப்படியே படித்தாள்.

"மிஸ்டர் அர்லிஸ், இந்தப் பேரையெல்லாம் எப்பவாவது கழட்டுவீங்களா?"

"கழட்டினதே இல்ல. எடம் பத்தலைன்னா பக்கத்துல இன்னொரு பலகை மாட்டுவோம்."

"விடுதியை யாருக்காவது வித்துட்டா?"

"படையோட சொத்தும்மா இது. யாரு விக்கப்போறா?"

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நான் கப்பற்படையில் இருபத்திரண்டு வருடம் சமையல்காரனாக இருந்தவன். சொல்ல ஏதோ வைத்திருக்கிறவர்களுக்கு முன்னால் அவசரப்படாமல் நிற்க வேண்டும் என்பதை அந்த வேலை கற்றுக்கொடுத்திருந்தது. நின்றேன். அவளே சொன்னாள்.

"இதுவரைக்கும் எட்டு பள்ளிக்கூடம். டெக்சாஸ்ல எங்க வகுப்புல எல்லாரோட உள்ளங்கையையும் பெயிண்ட்ல முக்கி செவுத்துல பதிச்சாங்க. போன வருஷம் அந்த வழியா வந்தப்ப அப்பா வண்டியை நிறுத்தினாரு, பாக்கலாம்னு. செவுரு முழுக்க மஞ்சள் அடிச்சுட்டாங்க. ஒஹாயோல தொடர் ஓட்டத்துக்கு என்னை எடுத்தாங்க. ஓட்டம் வெள்ளிக்கிழமை. நாங்க புதன்கிழமையே மாத்தலாகிக் கெளம்பிட்டோம்."

"அதுக்காக கோல்ஃபா?"

"எல்லா முகாம்லயும் மைதானம் இருக்கு. டீச்சர் மாறுவாங்க, தெரு மாறும், குழி மட்டும் எங்க போனாலும் நாலேகால் அங்குலம்தான்." பலகையின் அடியில் காலியாக இருந்த இடத்தைத் தொட்டாள். "எனக்கு ஒரே ஒரு எடத்துல பேரு இருந்தாப் போதும். நான் போனதுக்கப்புறமும் இருக்கணும்."

முதல் குழியில் யார் எப்போது ஆடத் தொடங்குவது என்று பார்ப்பது என் அன்றாட வேலை. போட்டி வாரத்தில் நடுவரும் நான்தான். நடுவராக நிற்பவன் ஒரு பக்கத்துக்காக ஜெபிக்கக் கூடாது. அதனால் அந்த வாரம் "எல்லாம் நியாயமாக நடக்கட்டும், ஆண்டவரே" என்று மட்டும் ஜெபித்தேன். வாயால் சொல்லாததையும் அவர் படிப்பார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்தப் போட்டியில் ஜோடிக்கு ஒரே பந்து. இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். குறைந்த தடவை அடித்துப் பந்தைக் குழியில் போடும் ஜோடிக்கு அந்தக் குழி, அதிகக் குழிகளை வென்ற ஜோடிக்கு ஆட்டம். டெலியாவின் ஜோடி அவள் அம்மா ரொவீனா. விமானப்படையில் சார்ஜென்ட், சரக்கு விமானங்களின் சக்கரங்களைப் பழுது பார்ப்பவள். அப்பா எல்டன் கைக்குழந்தை ஜூனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் பின்னால் வந்தார்.

"பதினாலு வருஷமா நான் சார்ஜென்ட்டோட பொண்டாட்டி," என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "நல்ல வேலைதான். கேக் மட்டும் இன்னும் சரியா உப்ப மாட்டேங்குது."

புதன்கிழமைக்குள் அம்மாவும் மகளும் மூன்று ஜோடிகளை வீழ்த்திவிட்டார்கள். வியாழக்கிழமை மதியம் இறுதி ஆட்டம். எதிரில் கர்னல் தாடியஸ் பர்க்ஹால்ட்டரும் அவர் மனைவி வினிஃப்ரெடும். கர்னல் மரைன் படையில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கோல்ஃப் ஆடும் அரைக்கால் சட்டைக்கும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போடுவார். மூன்று வருடமாக அந்தப் பலகையில் அவர்கள் பெயர்தான் ஏறிக்கொண்டிருந்தது. தொடர்ந்து நான்கு முறை யாரும் வென்றதில்லை. அதை அவர் அந்த வாரம் என்னிடம் ஐந்து தடவையாவது ஞாபகப்படுத்தியிருப்பார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அன்று நள்ளிரவோடு ரொவீனாவின் விடுப்பு முடிகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜார்ஜியாவில் பணிக்கு நிற்க வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம். இரண்டு ஜோடியும் சமமாக முடித்தால் மறுநாள் காலை கூடுதல் குழி ஆட வேண்டும் என்பது விதி. வராத ஜோடி தோற்றதாகக் கணக்கு.

"சமமா முடிஞ்சாலும் நமக்குத் தோல்விதான், டீலி," என்று ரொவீனா முதல் குழியிலேயே சொல்லிவிட்டாள். "அதனால சமமா முடிக்க வேணாம்."

"சரிம்மா."

இரண்டாவது குழியில் இடி இடித்தது. ஃப்ளோரிடாவில் ஆகஸ்ட் மதியம் வேறென்ன செய்யும்? சைரன் ஊதி எல்லோரையும் கொட்டகைக்குள் கூட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து வெயில் அடிக்க, புல்லிலிருந்து ஆவி எழும்ப, மறுபடியும் தொடங்கினார்கள். அதன் பிறகு இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. கர்னல் மைதானத்து மணல் பள்ளத்தில் பந்தைத் தள்ளிவிட்டபோது வினிஃப்ரெட் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தேட், நான் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது கடற்கரையில வாழறதுக்குத்தான். அதுக்காகப் போற எடமெல்லாம் மணலைத் தேடிக் கொடுக்கணுமா?"

"அடி, வின்னி. பேசாம அடி."

அவள் அடித்தாள். பந்து குழியில் நட்டிருந்த கொடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவளுக்கு அறுபத்தாறு வயது. விடுதியிலேயே நேராக அடிப்பவள் அவள்தான்.

பதினேழு குழி முடிந்தபோது சமம். மணி ஐந்தாகப் பத்து நிமிடம். கடைசிக் குழியைச் சுற்றி, நீச்சல்குளத்திலிருந்து துண்டோடு வந்தவர்களையும் சேர்த்து, நாற்பது பேர் நின்றார்கள். பர்க்ஹால்ட்டர் ஜோடி ஐந்து தடவை அடித்து முடித்துவிட்டது. ப்ரூவெட் ஜோடி மூன்று தடவை அடித்து, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு வந்திருந்தது. நான்காவது அடி டெலியாவுடையது. பந்து உள்ளே போனால் வெற்றி. பதினைந்தடி தூரம், இடப்பக்கம் சரிவு.

டெலியா இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். அம்மாவிடம் ஏதும் கேட்கவில்லை. அடித்தாள்.

பந்து மெதுவாக வளைந்து, குழியை நோக்கி வந்து, விளிம்பில் நின்றுவிட்டது. பாதி பந்து புல்லில், பாதி பந்து குழிக்கு மேலே. நாற்பது பேரும் ஒரே குரலில் பெருமூச்சு விட்டார்கள்.

இப்படி நிற்கும் பந்துக்கு ஒரு விதி உண்டு. ஆடியவர் பந்தருகே வந்த பிறகு பத்து எண்ணும் நேரம் காத்திருக்கலாம். அதற்குள் தானாக விழுந்தால் அடித்தது விழுந்ததாகவே கணக்கு. பத்துக்குப் பிறகு விழுந்தால் ஓர் அடி கூடும். கூடினால் ஐந்து. ஐந்தென்றால் சமம்.

டெலியா பந்தருகே வந்து நின்றாள். நான் சத்தமாக எண்ணத் தொடங்கினேன். "ஒன்று. இரண்டு. மூன்று."

அப்போது கொம்பு ஊதியது.

மாலை ஐந்து மணிக்கு விடுதி வாசலில் கொடி இறங்கும். ஒலிபெருக்கியில் ஊதுகொம்பு கேட்டதும், படைக்குடும்பத்தில் வளர்ந்த எவரும் கையில் இருப்பதை விட்டுவிட்டுக் கொடிப் பக்கம் திரும்பி, நெஞ்சில் கைவைத்து அசையாமல் நிற்பார்கள். நீச்சல்குளத்தில் குழந்தைகள்கூடத் தண்ணீருக்குள் சிலையாக நிற்பார்கள். இதற்கு யாரும் யோசிப்பதில்லை, இமைப்பது மாதிரிதான். நானும் யோசிக்கவில்லை. எண்ணிக்கையை மூன்றில் விட்டுவிட்டுத் திரும்பினேன். டெலியா திரும்பினாள். ரொவீனா விறைத்து நின்றாள். நாற்பது பேரும் திரும்பினார்கள். கொடி விடுதியின் முன்பக்கம், குழி எங்கள் முதுகுக்குப் பின்னால்.

கொம்பிசை முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். முடிந்தது. திரும்பிப் பார்த்தோம்.

விளிம்பில் பந்து இல்லை. குழிக்குள் கிடந்தது.

ஒரு கணம் கூச்சல். டெலியா மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் மட்டும் கையிலிருந்த கணக்கு அட்டையில் எதையும் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக அமைதியானார்கள்.

"எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டேன். "யாராவது பாத்தீங்களா?"

சிலர் குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இத்தனை பேரு இருக்கீங்க. ஒருத்தர்கூடப் பாக்கலையா?"

"கொடி எறங்கறப்ப குழியைப் பாப்போமா, அர்லிஸ்?" என்றார் துண்டு கட்டிய ஒருவர், கொஞ்சம் கோபமாகவே. "நீங்க என்ன பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"கொடியைத்தான்."

"ஜூன் பாத்தா," என்றார் எல்டன், தள்ளுவண்டியைக் காட்டி. "ஆனா அவளுக்கு 'வாத்து'ங்கற ஒரு வார்த்தைதான் வரும்."

"வாத்து," என்றது ஜூன்.

சிரித்தார்கள். டெலியா சிரிக்கவில்லை. மூன்று எண்ணியதோடு விட்டது நான். நாலில் விழுந்ததோ, நாற்பதில் விழுந்ததோ, யாருக்குத் தெரியும்? தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பார்த்தவர் இல்லையென்றால் ஐந்து என்றுதான் எழுத வேண்டும். ஐந்து என்று எழுதினால் நாளைக் காலை இந்தக் குழந்தை ஜார்ஜியாவில் இருப்பாள்.

கர்னல் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க விட்டுக்கொடுத்துட்டோம்னு எழுதிக்கோ. அதுக்கு விதியில எடம் இருக்கு."

இருக்கிறது. எதிராளி எந்த நேரத்திலும் குழியை விட்டுக்கொடுக்கலாம். எனக்கு மூச்சு வந்தது. பேனாவை எடுத்தேன்.

"வேணாம்," என்றாள் டெலியா.

அவள் காது கூர்மையானது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

"டீலி," என்றாள் ரொவீனா.

"வேணாம்மா. தேங்க்ஸ் கர்னல், நெஜமாத்தான் சொல்றேன். ஆனா நீங்க குடுத்து என் பேரு ஏறினா, ஒவ்வொரு வருஷமும் அது பொய்யா அங்கேயே இருக்கும். நான் ஜெயிச்சிருந்தா ஏத்துங்க. இல்லேன்னா உங்க பேரே இருக்கட்டும்." கன்னத்தில் நீர் வழிந்தது, குரல் மட்டும் உடையவில்லை. குனிந்து மட்டையை எடுத்துக்கொண்டாள்.

ரொவீனா மகளின் தோளில் கை வைத்தாள். "அவ சொல்றபடியே எழுதுங்க சார்," என்றாள் என்னிடம். வேறொரு தாயாக இருந்தால் ஏற்றுக்கொள்ளச் சொல்லி மகளை வற்புறுத்தியிருப்பாள்.

கர்னல் நகரவில்லை. இஸ்திரி மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். வெயிலில் சிவந்த கழுத்து இன்னும் சிவந்தது. எத்தனையோ பேருக்கு ஆணையிட்ட மனிதர், பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு முன்னால் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தேன்.

"ஆறு," என்றார்.

"என்ன சார்?"

"ஆறுல விழுந்துச்சு." இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி, அணிவகுப்பில் பேசும் குரலில் சொன்னார். "நீ மூணுல நிறுத்தினே, அர்லிஸ். நான் நிறுத்தல. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன். நாலு, அஞ்சு, ஆறு. ஆறுல பந்து அசைஞ்சு உள்ள போச்சு. கொம்பிசையோட முதல் வரிகூட முடியல."

"நீங்க எப்படிப் பாத்தீங்க?" துண்டு கட்டியவர் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது.

"கொடிப் பக்கம் திரும்பி நின்னேன். கை நெஞ்சுல இருந்துச்சு. தலையை மட்டும் திருப்பித் தோளுக்கு மேல குழியைப் பாத்துக்கிட்டிருந்தேன்." கர்னல் நிமிர்ந்து நின்றார். "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட அப்படிச் செஞ்சதில்ல. இன்னிக்குச் செஞ்சேன். ஏன்னா அந்தப் பந்து விழக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன். அதனாலதான் மொதல்லயே சொல்லல. சும்மா விட்டுக்கொடுத்துட்டா பெருந்தன்மையாவும் இருக்கும், இதையும் சொல்ல வேணாம்னு நெனச்சேன்."

மழையில் நனைந்த பைன் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வினிஃப்ரெட்தான் முதலில் பேசினாள். "உதடு அசைஞ்சதைப் பாத்தேன், தேட். ஜெபம் பண்றேன்னு நெனச்சு பெருமைப்பட்டேன்."

"உதடு அசைஞ்சதை நீ எப்படிப் பாத்தே?" என்றார் கர்னல்.

அவள் கன்னம் சிவந்தது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. ரொவீனாகூடச் சிரித்தாள். கர்னலின் தோள்கள் அப்போதுதான் இறங்கின.

அவர் டெலியாவிடம் போய் நின்றார். "இது நான் குடுக்கறது இல்ல, பொண்ணு. நடந்ததைச் சொல்றேன். ஆறு."

டெலியா அவர் முகத்தைக் கவனித்துப் பார்த்தாள். எட்டுப் பள்ளிக்கூடத்தில் எட்டு விதமான பெரியவர்களை எடைபோட்டுப் பழகிய பார்வை. பிறகு தலையசைத்தாள்.

"அப்ப ஜெயிச்சுட்டேன்," என்றாள்.

"நல்லா ஜெயிச்சே. அந்தச் சரிவுல நான் அடிச்சிருந்தா பந்து குளத்துல முதலை வாயிலதான் இருந்திருக்கும்."

நான் அட்டையில் நான்கு என்று எழுதி, என்னால் முடிந்த உரத்த குரலில் அறிவித்தேன்: ஒரு குழி வித்தியாசத்தில் வெற்றி, சார்ஜென்ட் ரொவீனா ப்ரூவெட், டெலியா ப்ரூவெட். கூட்டம் எழுப்பிய கூச்சலில் புல்தரை ஓரத்தில் மேய்ந்த இரண்டு கொக்குகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. எல்டன் ஜூனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். யாரோ ஒரு மரைன் பெண் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள். முதலில் கை நீட்டியது கர்னல். டெலியா கையைக் கொடுக்கவில்லை, அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மடிப்புக் கலைந்தது. அவர் அதைச் சரி செய்யவில்லை.

இன்னொரு சிக்கல் இருந்தது. தகடு செய்ய வெளியூருக்கு அனுப்பினால் வந்துசேர மூன்று வாரம் ஆகும். ப்ரூவெட் குடும்பம் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். விடுதியில் குழாய், கதவு, விளக்கு எல்லாம் பார்க்கும் ஹேட்டி க்ரம்ப்ளி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"அறைச் சாவிக்கு எண் செதுக்கற மெஷின் என்கிட்ட இருக்கு," என்றாள். "மிச்சம் வந்த பித்தளையும் கிடக்கு. எழுத்து அவ்வளவு அழகா வராது. முக்கால் மணி நேரம் குடுங்க."

அவள் வேலை நேரம் முடிந்து கால் மணி ஆகியிருந்தது. அவளுடைய மாலைச் சாப்பாடு டப்பாவில் அப்படியே இருந்ததைப் பிறகு பட்டறை மேஜையில் பார்த்தேன். தேவனுடைய ராஜ்யத்தில் யார் பெரியவர் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த டப்பாவும், கர்னலின் சிவந்த கழுத்தும்தான் நினைவுக்கு வருகின்றன.

ஆறேகாலுக்குத் தகடு வந்தது. எழுத்துகள் சாவியில் இருப்பதுபோல் கட்டையாக இருந்தன. மற்ற தகடுகளைவிட ஒரு விரல் அகலமும் கூட. வெளியே வண்டி சாமானோடு தயாராக நின்றது. முன்கூடம் நிரம்பிவிட்டது. அப்போதுதான் வந்திறங்கிய குடும்பங்கள் பெட்டிகளோடு என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தன. கர்னல் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, டெலியா ஏறி நின்று நான்கு மூலையையும் தானே திருகினாள். விமானச் சக்கரம் முடுக்கும் அவள் அம்மா ஒவ்வொன்றையும் ஒரு தடவை சோதித்தாள்.

"இந்தச் செவுரு விழுந்தாத்தான் இது விழும்," என்றாள் ரொவீனா.

டெலியா கீழே இறங்கி, பின்னால் இரண்டடி வந்து, தன் பெயரைச் சத்தமாகப் படித்தாள். அவ்வளவு பேரும் கைதட்டினார்கள். எல்டன் போனை எடுத்தார்.

"அப்படியே நில்லு, ஒரு படம் எடுத்துக்கறேன்."

"எதுக்குப்பா?" என்றாள் அவள். ஜூனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். "அது இங்கதானே இருக்கப்போகுது."